பீங்கான் ஓட்டிற்கு எந்தப் பசை? சுவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்



லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த நம் மக்களில் பலர், இன்று வீடமைப்புப் பகுதிகளில் சொந்த வீடு வாங்கிக் குடியேறியுள்ளனர். இன்னும் பலர் அதற்காகச் சிறுகச் சிறுகச் சேமித்து வருகின்றனர். சொந்த வீடு என்று ஒன்று அமைந்ததும், குளியலறைச் சுவருக்கும் அடுப்படிச் சுவருக்கும் ‘டைல்ஸ்’ என்று நாம் வழங்கும் பீங்கான் ஓடுகளைப் பதிக்க வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே. பீங்கான் ஓடு பதித்த சுவரைத் துடைப்பது எளிது. எண்ணெய்ப் பிசுக்கு ஊறாது. பாசி எளிதில் பற்றாது.

ஓட்டின் நிறத்தையும் அதிலுள்ள பூ வேலைப்பாட்டையும் தேர்ந்தெடுக்க நாம் அரை நாளைச் செலவிடுகிறோம். ஆனால் அந்த ஓட்டினைச் சுவரில் தாங்கி நிற்கப் போகும் பசையைத் தேர்ந்தெடுக்க அரை நிமிடத்தையும் செலவிடுவதில்லை. “ஏதாவது ஒரு நல்ல பசை கொடுங்கள்” என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வருகிறோம். இந்தத் தவற்றை நானும் செய்தேன். அதனால் ஏற்பட்ட இழப்பை முதலில் கூறிவிட்டுப் பாடத்திற்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, என் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஓடு பதிக்க எண்ணினேன். வாளியில் அடைத்து விற்கப்படும் வெண்ணிறப் பசையை வாங்கினேன். தண்ணீர் கலக்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்து பூச வேண்டியதுதான். சுவரில் ஏற்கெனவே வழவழப்பான சாயம் பூசப்பட்டிருந்தது. அதன் மேலேயே பசையைத் தடவி ஓடுகளைப் பதித்தேன். வேலை அழகாக முடிந்தது. அண்டை வீட்டார் வந்து பார்த்துப் பாராட்டினர். ஐந்தாவது மாதத்தில் ஓர் இரவு, குளியலறையில் பெருஞ்சத்தம் கேட்டது. நான்கு ஓடுகள் பெயர்ந்து விழுந்து நொறுங்கிக் கிடந்தன. கால்மணி நேரத்திற்கு முன்புதான் என் தாயார் அங்கே குளித்துவிட்டு வந்திருந்தார். அதை இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

மறுநாள் உடைந்த துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அதன் முதுகில் இருந்த பசை, வாளியில் இருந்தது போலவே வெள்ளையாகவும் மெதுமெதுப்பாகவும் இருந்தது. ஐந்து மாதமாகியும் அது காயவே இல்லை. பசை நல்ல பசைதான். ஓடும் நல்ல ஓடுதான். அந்தச் சுவருக்கும் அந்த இடத்திற்கும் அந்தப் பசை ஏற்றதன்று. அவ்வளவே. அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காய்ந்து இறுகுவதும் வினையால் இறுகுவதும்

பசைகள் இறுகும் முறை இரு வகைப்படும். இதனைப் பால்மரத் தொழிலாளர்களாகிய உங்களுக்கு விளக்குவது எளிது. உங்கள் அன்றாட வேலையிலேயே இவ்விரண்டும் உள்ளன.

பாலில் அளவாகத் திராவகம் சேர்த்தால் அது உறைகிறது. அதிலுள்ள தண்ணீர் முழுவதும் வெளியேறும்வரை அது காத்திருப்பதில்லை. தண்ணீருக்குள் இருக்கும்போதே கட்டியாகிவிடுகிறது. சிமெண்டும் ஏறக்குறைய இப்படித்தான். தண்ணீரோடு சேர்ந்து இரசாயன வினை புரிந்து இறுகுகிறது. காற்றுப் படாத இடத்திலும், ஈரமான இடத்திலும் சிமெண்டு இறுகும்.

உறைந்த பாலை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுகிறோம் அல்லவா? அங்கே நடப்பது வேறு. ஷீட்டிலுள்ள ஈரம் வெளியேறினால்தான் அது கண்ணாடி போலத் தெளிந்து பழுப்பு நிறம் பெறும். ஷீட்டு தடித்துவிட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு நிற்கும். ஈரம் வெளியேற வழியில்லாததே அதற்குக் காரணம். வாளியில் வரும் வெண்ணிறப் பசையும் இவ்வகையைச் சேர்ந்தது. அதிலுள்ள தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும்.

இப்போது என் குளியலறையை எண்ணிப் பாருங்கள். பசைக்கு முன்னே தண்ணீர் புகாத ஓடு. பின்னே தண்ணீர் புகாத சாயம். இடையில் அகப்பட்ட பசையின் ஈரம் எங்கே போகும்? நாள்தோறும் குளிக்கும் தண்ணீர் வேறு ஓட்டு இடுக்குகளின் வழியே உள்ளே கசிந்தது. புகைக்கூடத்தில் தடித்த ஷீட்டின் நடுவில் நிற்கும் வெள்ளைத் திட்டைப் போலவே என் பசையும் நின்றுவிட்டது.

கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பசையைத் தேர்ந்தெடுக்கும் வேலை கடையில் தொடங்குவதில்லை; வீட்டுச் சுவரின் முன்னே தொடங்குகிறது. மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பசை தானே தெரிந்துவிடும்.

முதற்கேள்வி: சுவர் எத்தகையது?

செங்கல் சுவரில் சிமெண்டுப் பூச்சுப் பூசிச் சாயம் அடிக்காமல் விட்டிருந்தால் அதுவே ஓட்டிற்குச் சிறந்த சுவர். ஆயினும் அதையும் சோதிக்க வேண்டும். சோதனைகள் நான்கு. அவற்றிற்குப் பணச் செலவே இல்லை.

ஒன்று, கைவிரல் கணுவாலோ ஒரு கரண்டிக் காம்பாலோ சுவர் முழுதும் தட்டிப் பாருங்கள். ‘டொப்’ என்று உள்ளே கூடு விழுந்த ஓசை கேட்டால், அவ்விடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். அதனைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

இரண்டு, ஆணியால் சுவரைக் கீறிப் பாருங்கள். மணல் பொலபொலவென்று உதிர்ந்தால் பூச்சு வலுவற்றது. வலுவற்ற பூச்சின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பசையைப் பூசினாலும், பசை ஓட்டினைப் பற்றிக்கொள்ளும். பூச்சோ சுவரை விட்டுவிடும்.

மூன்று, கையால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுவர் தண்ணீரை உறிஞ்சினால் நன்று. சேம்பிலைத் தண்ணீர் போல் உருண்டு ஓடினால், சாயமோ எண்ணெய்ப் பிசுக்கோ சுவரின் துளைகளை அடைத்துள்ளது. அப்படியானால் சாயத்தைச் சுரண்டி எடுத்து, சுவரைச் சொரசொரப்பாகக் கொத்திவிட வேண்டும். சாயத்தின் மேல் ஒட்டிய ஓடு சுவரில் ஒட்டவில்லை, சாயத்தில்தான் ஒட்டியிருக்கிறது. சாயம் உரிந்தால் ஓடும் உரியும்.

நான்கு, சுவரில் ஈரக் கறையோ வெள்ளை உப்புப் பூத்ததோ உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் குழாயிலோ கூரையிலோ கசிவு இருக்கலாம். தரையிலிருந்தும் ஈரம் ஏறலாம். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஓடு பதித்துக் கசிவை மறைப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்கு ஒப்பாகும்.

புதிதாகப் பூசிய சிமெண்டுப் பூச்சாயின் குறைந்தது இரண்டு வாரம் காயவிடுங்கள். காயும்போது பூச்சு சுருங்கும். சுருங்கி முடியுமுன் ஓடு பதித்தால் பசைக்கும் பூச்சுக்கும் இடையே இழுபறி உண்டாகும்.

பலகைச் சுவரைப் பற்றித் தனியே கூற வேண்டும். பலகை மழைக்காலத்தில் ஊதும்; வெயிலில் சுருங்கும். ஓடு ஊதவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. ஆகவே பலகையின் மேல் நேராக ஓடு ஒட்டுவது கூடாது. ஈரம் தாங்கும் சிமெண்டு நார்த் தகட்டைத் திருகாணியால் இறுக்கி, அதன் மேல் வளைந்து கொடுக்கும் பசையைப் பயன்படுத்துவதே முறை.

ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகளில் உள்ள சாம்பல் நிறத் தகடுகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கக்கூடும். அவற்றை அறுப்பதும் துளையிடுவதும் தேய்ப்பதும் கூடாது. அத்தூசி நுரையீரலுக்குள் சென்றால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் முதலான கொடிய நோய்களை உண்டாக்கும்.

இரண்டாம் கேள்வி: ஓடு எத்தகையது?

ஓட்டினைக் கவிழ்த்து அதன் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் அது மண்ணைச் சுட்டுச் செய்த சாதாரணச் சுவர் ஓடு. அவ்வகை ஓடுகள் பெரும்பாலும் தம் எடையில் நூற்றுக்கு 10 பங்கிற்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் சொட்டு அப்படியே நின்றால் அது ‘போர்சலின்’ ஓடாக இருக்கும். அதன் உறிஞ்சும் அளவு நூற்றுக்கு 0.5 பங்கிற்கு மிகாது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? வெறுஞ்சிமெண்டு, ஓட்டின் முதுகிலுள்ள நுண்துளைகளுக்குள் வேர் விட்டுப் பற்றுகிறது. மரத்தின் வேர் மண்ணைப் பற்றுவது போன்றது அது. போர்சலின் ஓட்டில் வேர் விடத் துளையில்லை. ஆகவே அதற்கு வெறுஞ்சிமெண்டு உதவாது. துளையில்லாத இடத்திலும் பற்றும் பொருள் சேர்ந்த பசை வேண்டும்.

ஓட்டின் அளவையும் பாருங்கள். பெரிய ஓடு எடை மிக்கது. பசை இறுகுமுன் கீழே வழுக்கும். அதற்கு வழுக்காத பசை தேவை.

மூன்றாம் கேள்வி: அவ்விடத்தில் எவ்வளவு தண்ணீர் படும்?

குளிக்கும் இடத்துச் சுவர் நாள்தோறும் நனையும். அடுப்படிச் சுவரில் எப்போதாவது தண்ணீர் தெறிக்கும். முன்னறைச் சுவரில் தண்ணீரே படாது. ஒரே வீட்டில் மூன்று இடங்களுக்கும் ஒரே பசைதான் வேண்டும் என்பதில்லை.

பசைகளின் வகைகள்

முதல் வகை, மணலும் சிமெண்டும் கலந்த சாந்து. நம் தந்தையர் காலத்துக் கொத்தனார்கள் கையாண்ட முறை இது. ஒரு பங்கு சிமெண்டிற்கு மூன்று அல்லது நான்கு பங்கு மணல் சேர்த்து, ஓட்டின் முதுகில் கனமாக அப்பிப் பதிப்பார்கள். ஓட்டினை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைப்பார்கள். தண்ணீர் உறிஞ்சும் சாதாரண ஓட்டிற்கும், மேடுபள்ளமான சுவருக்கும் இது இன்றும் பயன்படும். செலவு குறைவு. ஆனால் கைத்தேர்ச்சி மிகுதியாக வேண்டும். போர்சலின் ஓட்டிற்கு இது ஏற்றதன்று.

இரண்டாம் வகை, பையில் வரும் சிமெண்டுப் பசைத்தூள். சிமெண்டு, நுண்மணல், ஒட்டுந்தன்மை தரும் பாலிமர்த் தூள், தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் ஆகியவை இதில் அளவோடு கலக்கப்பட்டுள்ளன. தண்ணீர் சேர்த்துப் பிசைந்து சில மில்லிமீட்டர் கனத்தில் பூசினால் போதும். இதற்கு ஓட்டினை ஊறவைக்கக் கூடாது. ஊறவைத்தால் ஓட்டின் முதுகில் நிற்கும் நீர்ப்படலம் பசையை ஒட்டவிடாது. குளியலறை, அடுப்படி ஆகிய இரண்டிற்கும் பெரும்பாலான வீடுகளில் ஏற்ற பசை இதுவே.

மூன்றாம் வகை, வாளிப் பசை. என்னை ஏமாற்றியது இதுதான் என்று சொல்லமாட்டேன். நான்தான் இதனை அறியாமல் பயன்படுத்தினேன். தண்ணீரை உறிஞ்சும் காய்ந்த சுவரில், சாதாரணச் சுவர் ஓட்டினை, அதிகம் நனையாத இடத்தில் பதிக்க இது மிகவும் வசதியானது. கேஸ் அடுப்பிற்குப் பின்னுள்ள சுவருக்குப் போதும். விறகு அடுப்பின் கடுஞ்சூடு படும் இடத்திற்கும், நாள்தோறும் நனையும் இடத்திற்கும், பெரிய போர்சலின் ஓட்டிற்கும் வேண்டாம்.

நான்காம் வகை, இரு பகுதிகளாக வரும் எப்பாக்சிப் பசை. இரண்டையும் கலந்தவுடன் வினை தொடங்கி இறுகும். தண்ணீருக்கும் அமிலத்திற்கும் அசையாது. ஆனால் விலை மிகுதி. விரைந்து வேலை செய்யத் தெரிய வேண்டும். தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கக்கூடும். தொழிற்சாலைகளுக்கும் சில தனி இடங்களுக்கும் உரியது. நம் வீட்டுச் சுவருக்கு இது தேவைப்படுவது அரிது.

நம் பாலுக்கும் இப்பசைக்கும் உள்ள உறவு

சிமெண்டுப் பசையின் வரலாற்றில் நீங்கள் வெட்டும் பாலுக்கும் ஓர் இடமுண்டு என்பதை அறிந்தால் மகிழ்வீர்கள். 1923ஆம் ஆண்டில் கிரெசன் என்பவர், இயற்கை ரப்பர்ப் பாலில் சிமெண்டைச் சேர்த்துத் தளம் போடும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டில் லெஃபெபூர் என்பவர், சிமெண்டுச் சாந்தை ரப்பர்ப் பாலால் வலுப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெறுஞ்சிமெண்டு இறுக்கமானது, ஆனால் முறியும். பாலிலுள்ள ரப்பர் சேர்ந்ததும் அது சற்றே வளைந்து கொடுக்கிறது. பற்றும் ஆற்றலும் கூடுகிறது.

பின்னர் செயற்கைப் பால்கள் வந்தன. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி ரோத்பர்க் என்னும் இரசாயனப் பொறியியலாளர், பால் கலந்த சிமெண்டுப் பசையை ஓடு பதிப்பதற்கென்றே தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1957ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வாக்கர் நிறுவனம், செயற்கைப் பாலை உலர்த்தித் தூளாக்கும் முறையைக் கொண்டுவந்தது. அத்தூள் தண்ணீரைக் கண்டதும் மீண்டும் பாலாகிவிடும். இன்று பையில் வரும் பசைத்தூளில் ஒளிந்திருப்பது அத்தகைய பால்தான்.

“அப்படியானால் மங்கிலிருக்கும் பாலையே சிமெண்டில் ஊற்றிக் கலக்கலாமே?” என்று யாரேனும் கேட்கலாம். கூடாது. சிமெண்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்புச் சத்து, பக்குவப்படுத்தாத பாலைக் கண்டவுடன் திரித்துக் கட்டிப்பாலாக்கிவிடும். கிரெசனுக்கும் லெஃபெபூருக்கும் பின்வந்தோர், பால் திரியாதிருக்கத் தனிப் பொருள்களைச் சேர்த்தே பயன்படுத்தினர். ஆகவே வீட்டில் அம்முயற்சி வேண்டாம்.

பையின் மேலுள்ள எழுத்துகளைப் படிக்கும் முறை

பசைப் பையின் மேல் சில ஆங்கில எழுத்துகளும் எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். அவை ஐ.எஸ்.ஓ. 13007 என்னும் அனைத்துலகத் தர முறையைச் சேர்ந்தவை. இவற்றைப் படிக்கத் தெரிந்தால் விளம்பரச் சொற்களை நம்ப வேண்டியதில்லை.

முதலில் நிற்கும் எழுத்து பசையின் இனத்தைக் காட்டும். ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தாகிய ‘சி’ சிமெண்டுப் பசை. நான்காம் எழுத்தாகிய ‘டி’ வாளிப் பசை. பதினெட்டாம் எழுத்தாகிய ‘ஆர்’ எப்பாக்சி போன்ற பிசின் பசை.

சிமெண்டுப் பசையில், எழுத்தை அடுத்து வரும் எண் அதன் வலிமையைக் காட்டும். ‘1’ என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 0.5 நியூட்டன். ‘2’ என்றால் 1 நியூட்டன். இதனை எளிதாகச் சொன்னால், விரல் நகத்தளவான ஒரு சதுர செண்டிமீட்டர் இடத்தில் ‘சி1’ பசை ஏறத்தாழ 5 கிலோ இழுப்பையும், ‘சி2’ பசை ஏறத்தாழ 10 கிலோ இழுப்பையும் தாங்க வேண்டும் என்பது பொருள்.

எண்ணிற்குப் பின்னே வரும் எழுத்துகள் தனித் தன்மைகளைக் காட்டும். ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்து அங்கே இருந்தால், ஓடு சுவரில் வழுக்கி இறங்காது. ஐந்தாம் எழுத்து இருந்தால், பூசிய பசை சற்று நீண்ட நேரம் ஒட்டும் தன்மையோடு இருக்கும். சோதனைச் சாலையில் சாதாரணப் பசைக்கு 20 நிமிடமும், இதற்கு 30 நிமிடமும் அளவு. நம் நாட்டு வெக்கையில் இரண்டுமே குறையும். ஆறாம் எழுத்து இருந்தால் விரைந்து இறுகும். ‘எஸ்1’, ‘எஸ்2’ என்றிருந்தால் பசை வளைந்து கொடுக்கும். தகடு அடித்த பலகைச் சுவருக்கு வேண்டியது இதுவே.

இனித் தேர்வு எளிது. சிமெண்டுப் பூச்சுள்ள அடுப்படிச் சுவர், சாதாரண ஓடு: ‘சி1’ போதும். குளியலறைச் சுவர்: ‘சி2’ நன்று, வழுக்காத் தன்மையும் இருக்கட்டும். போர்சலின் ஓடு, அல்லது பழைய ஓட்டின் மேல் புதிய ஓடு: ‘சி2’ கட்டாயம். பழைய ஓட்டின் மேல் பதிப்பதாயின், அது உறுதியாக நிற்கிறதா என்று தட்டிப் பார்த்து, பசை தயாரிப்பாளர் குறிப்பிடும் அடிப்பூச்சையும் பூச வேண்டும். தேவைக்கு மேற்பட்ட தரத்தை வாங்கினால் பணம் வீண். தேவைக்குக் குறைந்ததை வாங்கினால் ஓடு, பசை, உழைப்பு ஆகிய மூன்றும் வீண்.

வாங்குமுன் ஒரு கணக்கு

குளியலறையின் நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர் என்று கொள்வோம். நான்கு சுவர்களின் மொத்த நீளம் 7 மீட்டர். 1.5 மீட்டர் உயரத்திற்கு ஓடு பதிப்பதாயின் பரப்பு 10.5 சதுர மீட்டர். கதவிற்காக ஏறத்தாழ 1.1 கழித்தால் எஞ்சுவது 9.4 சதுர மீட்டர்.

3 மில்லிமீட்டர் கனத்தில் பூசினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.5 கிலோ பசைத்தூள் செலவாகும். 9.4ஐ 4.5ஆல் பெருக்கினால் 42 கிலோவுக்குச் சற்று மேல். எனவே 25 கிலோ பை இரண்டு போதும். ஓடு 30க்கு 60 செண்டிமீட்டராயின் ஒன்றின் பரப்பு 0.18 சதுர மீட்டர். 53 ஓடுகள் தேவை. வெட்டும்போது உடைவதற்கென நூற்றுக்குப் பத்து சேர்த்து 58 வாங்கலாம். இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் சென்றால், சி1 பைக்கும் சி2 பைக்கும் உள்ள விலை வேறுபாடு இரண்டு பைகளுக்கு மட்டுமே என்பது விளங்கும். ஓடுகளை மீண்டும் வாங்கும் செலவோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நல்ல பசையைக் கெடுக்கும் நான்கு பழக்கங்கள்

தேர்ந்தெடுத்த பசையைக் கையாளும் முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீரைக் கண்ணளவாக ஊற்றுவது முதற்பழக்கம். பையில் குறித்த அளவுத் தண்ணீரை வாளியில் ஊற்றி, அதன் மேல் தூளைக் கொட்டிப் பிசையுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு மீண்டும் பிசையுங்கள். இறுகத் தொடங்கிய பசையில் மறுபடியும் தண்ணீர் விடாதீர்கள்.

ஓட்டின் நான்கு மூலைக்கும் நடுவிற்கும் ஐந்து உருண்டை வைத்து அமுக்குவது இரண்டாம் பழக்கம். உருண்டைகளுக்கு இடையே வெற்றிடம் நிற்கும். அங்கே தண்ணீர் தேங்கும். ஒரு தட்டுப் பட்டாலும் ஓடு உடையும். பல் வைத்த கரணையால் சுவர் முழுதும் வரிவரியாகப் பூசி, ஓட்டினைச் சற்றே அசைத்து அழுத்துங்கள். முதலில் பதித்த ஓடு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். நனையும் இடமாயின் அதன் முதுகில் நூற்றுக்கு 95 பங்கு பசை பரவியிருக்க வேண்டும்.

பெரும்பரப்பில் பூசிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது மூன்றாம் பழக்கம். பசையின் மேல் ஆடை படிந்துவிட்டால் ஓடு ஒட்டாது. விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

அவசரப்படுவது நான்காம் பழக்கம். சாதாரணச் சிமெண்டுப் பசை பூசிய சுவரில் ஒரு நாள் கழிந்த பின்னரே இடுக்குகளை அடையுங்கள். மேலும் சில நாள்கள் கழித்தே அச்சுவரில் தண்ணீர் படவிடுங்கள்.

சிமெண்டு காரத்தன்மை உடையது. ஈரமான சிமெண்டு தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கையுறை அணியுங்கள், தூளைக் கொட்டும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வீடு யாருடையது?

இறுதியாக ஒன்று. தோட்டக் குடியிருப்பில் வாழ்வோர், சுவரைக் கொத்துமுன் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். அந்த வீடு நிர்வாகத்தின் உடைமை. அவ்வாறே, அவ்வீட்டின் கசிவையும் பெயர்ந்த பூச்சையும் உங்கள் சேமிப்பிலிருந்து செலவழித்து மூடி மறைக்க வேண்டியதில்லை. தொழிலாளர் குடியிருப்பிற்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், குடியிருப்பை நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளியின் மேல் சுமத்தியுள்ளது. பழுதை எழுதிக் கொடுங்கள். உங்கள் சேமிப்பு உங்கள் சொந்த வீட்டிற்கு உதவட்டும்.

என் குளியலறையின் கதையை முடித்துவிடுகிறேன். எஞ்சிய ஓடுகளையும் கழற்றினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவிட்டுச் சாயத்தைக் கொத்தி எடுத்தேன். தண்ணீர் தெளித்தேன், சுவர் உறிஞ்சியது. ‘சி2’ பசையால் மீண்டும் பதித்தேன். அன்று முதல் இன்றுவரை ஓர் ஓடும் அசையவில்லை. ஒரே சுவருக்கு இருமுறை ஓடு வாங்கினேன். நீங்கள் ஒருமுறை வாங்கினால் போதும்.

பயிற்சி வினாக்கள்

1. வாளிப் பசை இறுகும் முறைக்கும் சிமெண்டுப் பசை இறுகும் முறைக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. சாயம் பூசிய சுவரில் தண்ணீர் தெளித்தால் என்ன நிகழும்? அதன் பொருள் என்ன?

3. உங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் 3 மீட்டர் நீளமும், ஓடு பதிக்க வேண்டிய உயரம் 0.6 மீட்டரும் ஆயின், எத்தனை கிலோ பசைத்தூள் தேவைப்படும்? (விடை: ஏறத்தாழ 8 கிலோ)

பள்ளியில் பயிலும் உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து இவ்வினாக்களுக்கு விடை காணுங்கள்.